பீரோவில் ஒன்பது நாள் இருந்த கவர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேர்ணாம்பட்டிலிருந்து ஒரு பையன் என்னைத் தேடி வந்தான். எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அவன் அப்பா என்னோடு வேலை பார்த்தவர். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். காபி டம்ளரைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டான்.

"அங்கிள், எந்த நாடு பெஸ்ட்? யு.கே.வா, ஜெர்மனியா?"

இன்னும் ஒரு பிரசவம்கூடத் தனியாகப் பார்த்திருக்க மாட்டான். அதற்குள் நாடு தேடுகிறான். பத்து வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் கேட்ட உடனே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பட்டியல் போட்டுக் கொடுத்து அனுப்பியிருப்பேன். அன்று அப்படிச் செய்யவில்லை. இதுவரை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தை அவனிடம் சொன்னேன். சொன்ன பிறகு மனசு கொஞ்சம் லேசானது. அதனால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் ஏன் வருகிறார்கள் என்று புதிதாகப் படிப்பவர்கள் கேட்கலாம். நான் டாக்டர் இல்லை. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் 1978-இல் சேர்ந்து 2012-இல் ஓய்வு பெற்றேன். முப்பத்து நான்கு வருடமும் ஏற்றுமதி ஆவணங்கள்தான் என் வேலை. இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், எல்.சி. எல்.சி.யில் ஒரு எழுத்து மாறியிருந்தால் பேங்க் காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். சரக்கு கப்பலில் போய்விட்டிருக்கும், பணம் வராது. அப்படி ஒரு தவறும் என் மேஜையிலிருந்து போனதில்லை என்று பெருமை பேசிக்கொள்வேன்.

வெளிநாடு போகிற டாக்டருக்கும் காகிதம்தான் முதல் தலைவலி. அதிலும் நம் தமிழ்ப் பெயர்கள்! பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், கல்லூரிச் சான்றிதழில் பின்னால் இருக்கும். பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு ஏது சர்நேம்? அப்பா பெயரை அங்கே போட்டுவிடுவார்கள். மூன்று காகிதத்தில் மூன்று பெயர், மூன்றும் ஒரே ஆள்தான் என்று அபிடவிட் எழுத வேண்டும். இதையெல்லாம் முதலில் நண்பர் ஒருவரின் மகனுக்குச் செய்து கொடுத்தேன். அவன் மூலம் இன்னொருவன். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் வாணியம்பாடி, மேல்விஷாரம், குடியாத்தம் என்று பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள். காசு வாங்கியதில்லை.

வெளிநாடு போவது எங்கள் ஊர்ப் பக்கம் புதிதும் இல்லை. 1975 வரைக்கும் நம் ஊர் எம்.பி.பி.எஸ்.ஸை பிரிட்டன் அப்படியே ஏற்றுக்கொண்டது. அதன் பிறகுதான் பிளாப் தேர்வு வந்தது. எதிர்த்திசையிலும் டாக்டர்கள் வந்திருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அமெரிக்க மிஷனரி குடும்பம் என்றாலும், 1870-இல் பிறந்தது இங்கே பக்கத்து ராணிப்பேட்டையில். ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்று வீட்டார் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள் இறந்ததைப் பார்த்து, அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900-இல் வேலூருக்குத் திரும்பி வந்தார். சி.எம்.சி.யில் சபைகளின் சிபாரிசில் சேரும் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு இன்றும் இருக்கிறது. படித்தவன் யாருக்குக் கடன்பட்டிருக்கிறான் என்ற கேள்வி எங்கள் ஜில்லாவில் ரொம்பப் பழைய கேள்வி.

இனி என் வீட்டுக் கதை.

என் மகள் 2011-இல் பிளஸ் டூ முடித்தாள். அப்போது நீட் கிடையாது, கட்-ஆஃப்தான். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. வருடத்துக்குக் கல்லூரிக் கட்டணம் பதினைந்தாயிரத்தைத் தாண்டவில்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அவளை டாக்டராக்கிய செலவில் பெரும்பங்கு என்னுடையது இல்லை. தீப்பெட்டி வாங்கும்போதும் பஸ் டிக்கெட் எடுக்கும்போதும் எல்லாரும் கட்டிய பணம்.

அவள் சேர்ந்த நாளே நான் முடிவு செய்துவிட்டேன், இவள் இங்கிலாந்து போக வேண்டும் என்று. அவளைக் கேட்டேனா? இல்லை. என் மேஜையைத் தாண்டி எத்தனையோ ஆயிரம் பெட்டிகள் சவுத்தாம்ப்டனுக்கும் ஹாம்பர்க்குக்கும் போயிருக்கின்றன. நான் சென்னைத் துறைமுகத்தைத் தாண்டியதில்லை. இதுதான் காரணம், வேறு பெரிய தத்துவம் எதுவும் கிடையாது.

2017-இல் ஹவுஸ் சர்ஜன் முடித்தாள். முதுகலைக்கு நீட் இரண்டு தடவை எழுதினாள். பொது மருத்துவம் படிக்க ஆசை. அந்த ரேங்குக்கு அரசுக் கல்லூரியில் அது கிடைக்கவில்லை. தனியாரில் கேட்ட தொகைக்கு வீட்டை விற்றாலும் பாதிதான் தேறும். அந்தச் சமயத்தில் நான் அவளிடம், "காசுக்காகத்தானே எல்லாரும் வெளிநாடு போறாங்க, நீயும் போ" என்று சொன்னேன். அவள் சொன்ன பதில் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"காசுக்காக இல்லப்பா. எம்.பி.பி.எஸ்.னா உங்க வெட் ப்ளூ மாதிரி. பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. மீதியை முடிக்க இங்க இடம் இல்ல."

தோல் தொழில் தெரியாதவர்களுக்கு: பச்சைத் தோலைக் குரோமில் பதனிட்டு, ஈரத்தோடு, நீல நிறமாக எடுப்பதுதான் வெட் ப்ளூ. அழுகாது, கப்பலில் அனுப்பலாம். ஆனால் அதை அப்படியே செருப்பாக்க முடியாது. இன்னும் பல வேலை பாக்கி இருக்கும். எங்கள் பக்கம் ஒரு காலத்தில் பாதி பதனிட்ட தோலைத்தான் மூட்டை மூட்டையாக ஏற்றி அனுப்பினார்கள். ஐரோப்பாவில் அதற்கு மெருகு ஏற்றி, ஷூ தைத்து, பல மடங்கு விலைக்கு விற்றார்கள். 1973-இல் அரசாங்கம் அதற்குக் கட்டுப்பாடு போட்டது: பாதிச் சரக்கைக் குறை, முழுச் சரக்காக்கி அனுப்பு என்று. முதலில் முதலாளிகள் கத்தினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் அந்தப் புலம்பல் ஓயவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் ஆம்பூரில் பினிஷ்டு லெதரும், ஷூ அப்பரும், முழு ஷூவும் பெருகின. காலையில் பஸ் பஸ்ஸாகப் பெண்கள் ஷூ ஃபேக்டரிக்குப் போகிறார்களே, அந்த வேலையெல்லாம் அப்படி வந்ததுதான். பாலாறு அதற்குக் கொடுத்த விலை வேறு கதை. அதைப் பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதியிருக்கிறது.

தோலுக்கு யோசித்ததை டாக்டருக்கு யோசிக்கவில்லை. இப்போது ஒவ்வொரு வருடமும் இரண்டு லட்சம் பேருக்கு மேல் முதுகலை நீட் எழுதுகிறார்கள். இருக்கிற இடம் அதில் ஒரு பங்குதான். அதிலும் கேட்ட பிரிவு, கட்டக்கூடிய கட்டணம் என்று பார்த்தால் இன்னும் சுருங்கிவிடும். டில்லி எய்ம்ஸில் 1989 முதல் 2000 வரை படித்து வெளியே வந்தவர்களில் 54 சதவீதம் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள் என்று 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் எல்லாரும் பேராசைக்காரர்களா? நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், மகள் வெட் ப்ளூ என்று சொல்லும்வரை.

சரி என்று வேலையில் இறங்கினோம். ஐஇஎல்டிஎஸ் தேர்வில் ஒவ்வொரு பகுதியிலும் 7, மொத்தத்தில் 7.5 வேண்டும். இவளுக்கு எழுத்துப் பகுதியில் இரண்டு தடவையும் 6.5. நைட் டியூட்டி முடித்து வந்து, சமையலறை மேடையில் நின்றுகொண்டே கட்டுரை எழுதிப் பழகினாள். மூன்றாவது தடவை கிடைத்தது. 2018-இல் சென்னையில் பிளாப் முதல் தேர்வு, மூன்று மணி நேரம், 180 கேள்வி. இரண்டாவது தேர்வு மான்செஸ்டரில் மட்டும்தான் நடக்கும். அறை அறையாக நோயாளி வேடத்தில் நடிகர்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஒவ்வொருவரிடமும் பேசி, பரிசோதித்துக் காட்ட வேண்டும். 2019 அக்டோபரில் போய் எழுதித் தேறினாள். என் பி.எஃப். பணத்தில் மிச்சம் இருந்தது அதோடு தீர்ந்தது. தெரு முழுக்க லட்டு கொடுத்தேன்.

2020 தொடக்கத்தில் வேலைக்கு மனு போட ஆரம்பித்தாள். மார்ச்சில் விமானம் நின்றது.

ஒப்பந்த அடிப்படையில் டாக்டர்களை எடுத்தார்கள். கோவிட் வார்டில் சேர்ந்தாள். முதல் அலை, பிறகு 2021 மே மாதம். அந்த மே மாதத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலிலேயே குளித்துவிட்டு உள்ளே வருவாள். மாடி அறையில் தனியாகப் படுப்பாள். தட்டைப் படியில் வைத்துவிட்டு என் மனைவி கீழே இறங்கிவிடுவாள். மேலிருந்து அவள், கீழிருந்து இவள், இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள்.

எங்கள் கம்பெனியில் டிரம்மில் வேலை பார்த்தவர் ஒருவர் அவள் வார்டில் பன்னிரண்டு நாள் ஆக்சிஜனில் இருந்து பிழைத்தார். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து, கிலோ மாம்பழத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"சார், பாப்பா சீமைக்குப் போவுதாமே?"

"ஆமாம்பா, பார்க்கலாம்."

"போவட்டும் சார், நல்லா இருக்கட்டும். அந்த எடத்துக்கு வேற பாப்பா வருமா சார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மாம்பழத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதற்குள் காலம் ஓடிவிட்டது. பிளாப் இரண்டாவது தேர்வு தேறி இரண்டு வருடத்துக்குள் பிரிட்டனின் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். கோவிட் சமயத்தில் எந்தக் கெடுவை நீட்டுவார்கள், எதை நீட்ட மாட்டார்கள் என்று எங்களுக்குப் புரியவில்லை. 2021 அக்டோபர்தான் கெடு என்று வைத்துக்கொண்டு எல்லாக் காகிதத்தையும் சேர்த்தோம். பாக்கி இருந்தது ஒன்றுதான். இங்கே மெடிக்கல் கவுன்சில் தருகிற நற்சான்று. இந்த டாக்டர் மேல் எந்தப் புகாரும் இல்லை என்று எழுதிக் கொடுப்பது. அதற்கும் மூன்று மாதம்தான் உயிர்.

ஆகஸ்ட் மாதம் ஒரு மதியம் அந்தக் கவர் பதிவுத் தபாலில் வந்தது. மகள் டியூட்டியில் இருந்தாள். மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மூலையில் இருந்த முத்திரையைப் பார்த்தேன். பீரோவைத் திறந்து, என் பழைய வேட்டிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

முப்பத்து நான்கு வருடம் ஒரு காகிதத்தைத் தாமதம் செய்யாதவன் நான்.

அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் அந்த டிரம் தொழிலாளிதான். இந்த ஊருக்கு டாக்டர் வேண்டாமா, இந்த ஜனங்கள் பணத்தில் படித்தவள் இப்போதா போவது என்று. கேட்க நன்றாக இருந்தது. மூன்றாவது நாள் ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தபோது உண்மை தெரிந்துவிட்டது. எனக்கு அறுபத்தேழு வயது. மே மாதம் எங்கள் தெருவில் நான்கு பேர் போய்விட்டார்கள். ராத்திரி நெஞ்சு அடைத்தால் மாடியில் டாக்டர் இருக்கிறாள் என்ற தைரியத்தில் தூங்கிப் பழகிவிட்டேன். ஊருக்கு டாக்டர் வேண்டும் என்று நான் கவலைப்படவில்லை. எனக்கு டாக்டர் வேண்டும் என்றுதான் பயந்தேன். அந்த நல்ல மனுஷரின் பெயரைச் சொல்லி என் பயத்தை மூடிக்கொண்டேன்.

இத்தனை வருடம் எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்குக் காகிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்! அந்த வீடுகளில் யார் யார் ராத்திரி தூங்காமல் இருந்தார்கள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

தெரிந்த பிறகாவது கவரைக் கொடுத்தேனா என்றால் அதுவும் இல்லை. மகள் தினமும் கேட்பாள், "தபால் ஏதாவது வந்துச்சாப்பா?" நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "இல்லம்மா" என்பேன். இப்படி ஒன்பது நாள்.

பத்தாவது நாள் அவள் கேட்கவில்லை. சென்னைக்கே நேரில் போய் விசாரிக்கிறேன் என்று லீவு சொல்லிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தாள். விடியற்காலை ரயில். என் மனைவி பையில் தயிர் சாதம் கட்டி வைத்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பீரோவைத் திறந்து கவரை எடுத்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தேன்.

அவள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். முத்திரையில் தேதி இருக்கிறதே! கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. என் மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு மகள் கேட்டாள்.

"உங்க கம்பெனியில சரக்கு ஹார்பர்ல தேங்கிப் போனா என்னப்பா பண்ணுவீங்க?"

"டெமரேஜ் கட்டணும்மா."

"யாரு கட்டணும்?"

"தாமதம் பண்ணவன்தான்."

"அப்ப நீங்கதான் கட்டணும். உக்காருங்க, ஸ்கேன் பண்ணணும், எல்லாத்தையும் ஒரு தடவ சரி பாத்துக் குடுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று காலை இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு காகிதமாகப் பார்த்தோம். பெயர், தேதி, எண். ஒரு பிழை இல்லை. கடைசிக் காகிதத்தை மடித்து வைக்கும்போது அவள் சொன்னாள்: "போகச் சொன்னப்பவும் நீங்க என்னைக் கேக்கல. போக வேணாம்னு நினைச்சப்பவும் கேக்கல."

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. "சரி, இப்ப கேக்கறேன். நீ என்னம்மா நினைக்கிறே?" என்றேன். அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. அவளிடம் நான் முதல் தடவையாகக் கேட்ட கேள்வி.

அவள் நிறைய பேசினாள். போகத்தான் ஆசை, ஆனால் நான் நினைத்த காரணத்துக்காக இல்லை. கோவிட் வார்டில் தனக்குத் தெரியாதது எவ்வளவு என்று பார்த்துவிட்டாளாம். முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். திரும்பி வருவேன் என்று சத்தியம் செய்யமாட்டாளாம், வரமாட்டேன் என்றும் சொல்லமாட்டாளாம். கெடுவுக்குள் பதிவு கிடைத்தது. அடுத்த வருடம் கிளம்பினாள். இப்போது வட இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நம் நேரம் ராத்திரி பத்தரைக்கு, டியூட்டி முடிந்து நடந்துகொண்டே பேசுவாள். காற்றுச் சத்தத்தில் பாதி காதில் விழாது. அவள் சட்டையில் குத்தியிருக்கும் அட்டையைப் படம் எடுத்து அனுப்பினாள். டாக்டர் என்று போட்டு, சர்நேம் என்று என் பெயர். அங்கே எல்லாரும் அவளை என் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "பெத்தது நான், பேரு உங்களுதா?" என்றாள்.

பேர்ணாம்பட்டுப் பையனிடம் இவ்வளவையும் சொன்னேன். பிறகு அவன் கேட்ட விவரத்தையும் சொன்னேன், மறைக்கவில்லை. பிரிட்டனில் இப்போது பிளாப் தேறிவிட்டு வேலை கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய. 2006-இலும் இப்படித்தான், பயிற்சிக்கு வந்த டாக்டர்களுக்கு விசா விதியைத் திடீரென்று மாற்றினார்கள், வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 2008-இல்தான் முடிந்தது. வாங்குகிறவன் ஆர்டரை நடுவில் மாற்றுவது தோலுக்கு மட்டும் இல்லை. ஜெர்மனி என்றால் முதலில் மொழி, பி2 வரை படித்து, மருத்துவ ஜெர்மன் தேர்வும் தேற வேண்டும். அமெரிக்கா என்றால் யு.எஸ்.எம்.எல்.இ., முதல் கட்டம் 2022-லிருந்து வெறும் பாஸ்-ஃபெயில்தான், ஆனால் அதற்குப் பிறகு மார்ச் மாதம் மேட்ச் என்று ஒரு சல்லடை இருக்கிறது. எல்லாவற்றையும் அவன் குறித்துக்கொண்டான்.

"இதுல எது பெஸ்ட் அங்கிள்?" என்று மறுபடியும் கேட்டான்.

"உனக்கு எந்த வேலை பிடிச்சிருக்கு? குழந்தை வைத்தியமா, ஆபரேஷனா?"

"இன்னும் யோசிக்கல."

"அப்ப நாடு எதுன்னு யார் யோசிச்சது?"

கொஞ்சம் தயங்கி, "அப்பா" என்றான்.

அவன் அப்பாவுக்கு அன்றைக்கே போன் போட்டேன். பழைய சிநேகிதம், அதனால் உரிமையோடு சொன்னேன். பையனைத் தள்ளாதே, பிறகு வயசான காலத்தில் இழுக்கவும் இழுக்காதே, முதலில் அவனைக் கேள் என்று. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "உன் பொண்ணு மட்டும் போகலாமா?" என்றார். நியாயமான கேள்வி. கவர் கதையை அவரிடமும் சொன்னேன். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஞாயித்துக்கிழமை நேர்ல வரேன்" என்றார்.

அந்த டிரம்காரர் இன்னும் இருக்கிறார். மே மாதம் ஆனால் மாம்பழத்தோடு வந்துவிடுவார். பாப்பா எப்படி இருக்கிறது என்று கேட்பார். இந்த வருடம் அவரிடம் ஒரு செய்தி சொல்ல முடிந்தது. அவர் கேட்டாரே, அந்த இடத்துக்கு வேறு பாப்பா வந்திருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். போன வாரம் பிரஷர் பார்க்கப் போயிருந்தேன், நன்றாகப் பார்க்கிறாள். மேஜையில் முதுகலை நீட் புத்தகம் ஒன்று விரித்து வைத்திருந்தது. அவளுக்காவது இங்கேயே ஓர் இடம் கிடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எந்த நாடு என்று மட்டும் கேட்கவில்லை.